வீட்டிலிருந்து கப்பல் தெரியுமா?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. தேவிக்குக் காய்ச்சல் விட்டு மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே நாங்கள் நலம். சுமதிக்கு மட்டும் குளிர் வந்தால் முழங்கால் வலி படுத்துகிறது.

கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். ஐரோப்பாவிலேயே பெரிய துறைமுகம் உள்ள ஊரில் இருக்கிறாயே, வீட்டு ஜன்னலில் இருந்து கப்பல் தெரியுமா என்று. தெரியாது, முருகேசா. ரோட்டர்டாமுக்குக் குடிவந்த புதிதில் நானும் அதைத்தான் தேடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ் ஆற்றங்கரைக்குப் போய் நிற்பேன். மணலும் இரும்புத் துண்டும் ஏற்றிய நீளமான சரக்குப் படகுகள் போகும், பயணிகள் படகு போகும், எப்போதாவது ஒரு உல்லாசக் கப்பல் வந்து நிற்கும். சரக்குக் கப்பல் கண்ணிலேயே படாது. துறைமுகம் எங்கே போயிற்று என்று எனக்குப் பிடிபடவே ஓராண்டு ஆயிற்று.

அது மேற்கே நடந்து போய்விட்டது. 13ஆம் நூற்றாண்டில் ரோட்டெ என்ற சின்ன ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். அணைக்கு இவர்களுடைய டச்சு மொழியில் டாம். ஊரின் பெயரே அவ்வளவுதான். துறைமுகமும் அந்த அணையடியில்தான் தொடங்கியது. பிறகு மாஸ் ஆற்றின் முகத்துவாரம் மணல் மூடி, கடலில் இருந்து வரும் கப்பல்கள் சுற்றி வளைத்து வர வேண்டியதாயிற்று. பீட்டர் காலண்ட் என்ற பொறியாளர் கடலோர மணல்மேட்டை வெட்டி நேராக ஒரு வழி போடலாம் என்றார். 1872இல் அந்தப் புதிய நீர்வழி திறந்தது. அந்தப் பக்கம் ஜெர்மனியின் ரூர் ஆலைகளுக்கு இரும்புத்தாதும் தானியமும் வேண்டியிருந்தது. ரைன் நதியோ இங்கே வந்துதான் கடலில் கலக்கிறது. ஒரு பெரிய கப்பல் சரக்கைச் சின்னப் படகுகளில் மாற்றினால் டியூஸ்பர்க் என்ன, சுவிட்சர்லாந்தின் பாசல் வரைக்கும் தண்ணீரிலேயே கொண்டுபோய்விடலாம். இந்த ஊருக்கு வந்த வாழ்வெல்லாம் இந்த இருப்பிடத்தால் வந்தது.

கப்பல் பெரிதாகப் பெரிதாக, ஆழமான தண்ணீரைத் தேடித் துறைமுகம் கடல் பக்கம் நகர்ந்தது. பெர்னிஸ், போட்லெக், யூரோபோர்ட் என்று போய், நிலம் தீர்ந்ததும் கடலையே தூர்த்து நிலம் செய்தார்கள். அதற்கு மாஸ்ஃப்ளாக்டே என்று பெயர். அதன் இரண்டாம் பகுதி 2013இல் திறந்தது, சுமார் 2000 ஹெக்டேர். நகரத்தில் இருந்து அங்கே போக 40 கிலோமீட்டர். ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் சரக்கு இந்த வழியாகப் போகிறது. 1962 முதல் நாற்பது ஆண்டுக்கு மேல் உலகத்திலேயே முதலிடம் இதற்குத்தான். அப்புறம் ஆசியத் துறைமுகங்கள் முந்திவிட்டன.

நான் அங்கே முதல்முறை போனபோது பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கன்டெய்னரைச் சுமந்துகொண்டு வண்டிகள் வரிசையாக ஓடுகின்றன, ஒன்றிலும் ஓட்டுநர் இல்லை. 1993இல் இருந்தே இப்படித்தானாம். அவ்வளவு பெரிய இடத்தில் மனிதக் குரலே இல்லாதது எனக்கு மனசைப் பிசைந்தது. அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தால் வேறு உலகம். வடகடலின் அடியில் இருந்து வாரிக் கொட்டிய மணல் அது. அந்தக் கடல் ஒரு காலத்தில் யானைகள் மேய்ந்த தரையாக இருந்தது. அதனால் அந்தக் கரையில் மாமத் யானையின் எலும்பும் பல்லும் கிடைக்கின்றன. பிள்ளைகள் குனிந்தபடியே நடக்கிறார்கள், சிப்பி பொறுக்குகிற மாதிரி. தேவிக்கு இதைச் சொல்லு, ரொம்பப் பிடிக்கும்.

துறைமுகம் விட்டுப்போன இடங்களில்தான் இப்போது ஊர் வாழ்கிறது. ஹாலந்து-அமெரிக்கா கப்பல் கம்பெனியின் தலைமை அலுவலகம் இன்று ஓட்டல். அந்தத் துறையில் இருந்துதான் லட்சக்கணக்கான ஏழைகள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். எதிரே காட்டென்ட்ரெக்டில் இருந்த 1923ஆம் ஆண்டுக் கிடங்கு, 2025இல் குடிபெயர்வு பற்றிய ஃபீனிக்ஸ் அருங்காட்சியகமாகத் திறந்தது. நானும் ஒரு பெட்டியோடு வந்திறங்கியவன்தானே. அங்கே போனபோது வெகுநேரம் வெளியே வர மனசு வரவில்லை.

பழைய ஊரைக் காட்டு என்று நீ கேட்டால் என்னால் அதிகம் காட்ட முடியாது. 1940 மே 14. சரணடைவதைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. கால் மணி நேரம். பிறகு தீ. ஏறத்தாழ 850 பேர் இறந்தார்கள், 80,000 பேர் வீடிழந்தார்கள், நகரத்தின் நடுப்பகுதியே இல்லாமல் போனது. பழையபடி கட்டியிருக்கலாம், கட்டவில்லை. அகலமான தெருக்களோடு புதிதாகத் திட்டம் போட்டார்கள். ஐரோப்பாவில் பல ஊர்கள் இடிந்ததை அச்சாக மறுபடி எழுப்பின. இவர்கள் செய்ததுதான் நேர்மை என்று எனக்குப் படுகிறது. இழந்ததை இழந்தது என்றே வைத்திருக்கிறார்கள். தீ எரிந்த எல்லை முழுக்கத் தரையில் சிறிய விளக்குகள் பதித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பழைய செங்கல் வீடு, மறுபக்கம் கண்ணாடிக் கட்டடம், நடுவே காலடியில் அந்தச் சிவப்பு விளக்கு. சாட்கின் என்ற சிற்பி செய்த சிலை ஒன்று 1953இல் இருந்து நிற்கிறது. இரு கைகளையும் வானத்துக்குத் தூக்கிய மனிதன். நெஞ்சில் ஓட்டை. அதன் முன்னால் பேச்சு வருவதில்லை.

குண்டுக்குத் தப்பியது டெல்ஃப்ஸ்ஹாவன் என்ற சின்னத் துறை. அங்கே நடக்கும்போதெல்லாம் எனக்கு நம் கரை நினைவுக்கு வரும். பழவேற்காட்டில் கோட்டை கட்டி, 1658இல் நாகப்பட்டினத்தையும் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மொத்தம் ஆறு கிளைகள். ரோட்டர்டாம் ஒன்று, டெல்ஃப்ட் ஒன்று. அந்த டெல்ஃப்டின் துறைதான் இது. சோழமண்டலக் கரையில் இருந்து அவர்கள் துணி வாங்கினார்கள். பஞ்ச காலத்தில் மனிதர்களையும் வாங்கி அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றினார்கள். 2021இல் அப்போதைய மேயர் அகமது அபூதாலிப், அடிமை வணிகத்தில் நகரத்துக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டார். அவர் மொராக்கோவில் பிறந்து இங்கே வந்து மேயரானவர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கப்பல் பார்க்க வேண்டுமென்றால் மெட்ரோவில் ஏறி ஹூக் வான் ஹாலந்து போக வேண்டும். மெட்ரோ கடற்கரை வரைக்குமே போகிறது. காலண்ட் வெட்டிய வழி அங்கேதான் கடலில் சேர்கிறது. கரையில் உட்கார்ந்தால் கப்பல்கள் எதிரிலேயே உள்ளே வரும். வழியில் இறங்கிப் புயல்தடுப்பையும் பார்க்கலாம். 1997இல் முடித்தது. இரண்டு கதவுகள், ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம். கடல் மூன்று மீட்டருக்கு மேல் ஏறும் என்று தெரிந்தால் தானாகவே மூடிக்கொள்ளும். 2023 டிசம்பரில் அப்படித்தான் மூடியது. அன்றிரவு நாங்கள் எதுவும் தெரியாமல் தூங்கினோம்.

மே மாதம் வா. விசா வேலையை இப்போதே ஆரம்பி, தாமதப்படுத்தாதே. கம்பளிச் சட்டை ஒன்று கட்டாயம். அந்தக் கரையில் மே மாதத்திலும் காற்று உலுக்கும். சுமதி உன்னிடம் முழங்காலுக்கு நம் ஊர்த் தைலம் இரண்டு புட்டி கேட்கிறாள். பெட்டியில் வைக்கும்போது மூடியை நன்றாக இறுக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிவை.

அன்புடன்,
செல்வராஜ்