கவுண்டர் தேதியைப் பார், தாயி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி பழையபடிதான். மூன்று வாரமாய் உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை இருக்கும். அதைக் கேட்க எழுதவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து கேஸ் கட்டு வந்ததும் முதலில் கவுண்டர், அதாவது நம் தரப்புப் பதில் மனு, போட வேண்டிய கடைசித் தேதியைக் குறித்துக்கொள். சிவில் வழக்கில் 30 நாள், கோர்ட் மனசு வைத்தால் 90. கன்ஸ்யூமர் கோர்ட்டில் 30, அதற்கு மேல் 15, அவ்வளவுதான். 46-ஆம் நாள் என்ன காரணம் சொன்னாலும் செல்லாது என்று 2020-ல் அரசியல் சாசன அமர்வே சொல்லியாயிற்று. சிகிச்சை விவரம் எழுதின கேஸ் ஷீட் கிடைக்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்காரர் இழுப்பார். கிடைத்ததை வைத்துப் போட்டுவிடு.

எம்.சி.ஓ.பி., அதாவது விபத்து இழப்பீட்டு வழக்கின் கட்டில் எஃப்.ஐ.ஆருக்கு முன்னால் ஏ.ஆர். காப்பியை, ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலைப் பார். பெரியாஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கேட்டு எழுதினது அது. அந்த நேரத்தில் யோசனை சொல்ல எந்த வக்கீலும் பக்கத்தில் இருந்திருக்க மாட்டார். அதில் 'தானாக விழுந்தார்' என்றிருந்து, பத்து நாள் கழித்த எஃப்.ஐ.ஆரில் ஒரு வேன் நம்பர் முளைத்தால் அதுதான் கம்பெனி பக்கம் உன் வாதம். காப்பியை மார்க் பண்ணினால் மட்டும் போதாது, எழுதின டாக்டரைக் கூண்டில் ஏற்று. லைசென்ஸ் இல்லை என்று எழுதினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆளைக் கூப்பிட்டு நிரூபி. ஆனால் 7,500 கிலோவுக்குள் அடங்கும் சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. (இலகு வாகன) லைசென்ஸே போதும் என்று 2024-ல் முடிந்துவிட்டது. பழைய கவுண்டரைப் பார்த்துக் காப்பியடிக்காதே.

அப்புறம் இழப்பீட்டுக் கணக்கில் செத்தவரின் வயசு. கூலி மாதம் 12,000 என்று வை. நாற்பதுக்குள் வயசு, அதனால் வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 16,800. அவரை நம்பி நாலு பேர் என்றால் அவர் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 12,600. வருஷத்துக்கு 1,51,200. வயசு 35 என்றால் பெருக்குவது 16, 36 என்றால் 15. ஒரு வயசில் ஒன்றரை லட்சம் போகிறது. போஸ்ட்மார்ட்டத்தில் போட்ட வயசை நம்பாதே, பள்ளிக்கூட டி.சி.யைக் கேட்டு வாங்கு.

செத்தவனின் தாய் கூண்டில் ஏறினால் விபத்தை நேரில் பார்க்கவில்லைதானே என்று ஒன்று, சம்பளத்துக்குச் சீட்டு உண்டா என்று ஒன்று. உட்கார்ந்துவிடு. தாயை அழவைத்து ஒரு ரூபாய்கூடக் குறைந்ததில்லை. கம்பெனி கொடுத்தே ஆகவேண்டிய கேஸ் என்றால் ஒபீனியனில் அப்படியே எழுது. லோக் அதாலத்தில் முடிந்தால் வட்டி ஓடாது, அப்பீலும் கிடையாது.

மேலூர் மாமா 'கம்பெனி வக்கீல்' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் மாமாவுக்குப் போன் போட நேரம் இருக்கிறது உனக்கு.

அடிபட்டவர் பக்கம்தான் நிற்பேன் என்று நீ சொன்னாய். கம்பெனியின் வக்கீல் பேனலில் இருந்தால் கட்டு தவறாமல் வரும் என்று மறித்தது நான். அப்போது வீட்டின் மேல் கடன் இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. உன் நல்லதுக்கு என்று மட்டும் சொன்னேன்.

கவுண்டர் தேதியைப் பார். அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு உங்கள் ஊரில் லீவு கிடையாது, தெரியும். வாய்தா வாங்கிவிட்டு வா.

அப்பா