போட்டோவை விற்கும்போது எதை விற்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புகைப்படம் எடுத்துச் சம்பாதிக்கும் இளைஞர்களைப் பற்றி பெங்களூரு பதிப்பில் எழுதியிருந்தீர்கள். கேமரா, லென்ஸ், ரேட் எல்லாம் இருந்தது, லைசென்ஸ், அதாவது படத்தைப் பயன்படுத்த நாம் கொடுக்கும் அனுமதி, பற்றி ஒரு வரிகூட இல்லை. அது தெரியாமல் பட்டவன் நான்.

கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலையில் சாமந்தி மூட்டைகளுக்கு நடுவே பூக்கட்டும் ஒரு அம்மாவை எடுத்த படத்தை, காலண்டருக்கு என்று கேட்ட ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு 3,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். எல்லாம் போனில் பேசியதோடு சரி. மறுவருடம் பார்த்தால் அதே படம் ஓசூர் ரோட்டில் பெரிய விளம்பரப் பலகையில் நிற்கிறது. கேட்டதற்கு, "படத்தைத்தான் வாங்கிட்டோமே" என்றார்கள். அதைவிட வலித்தது அந்த அம்மா கேட்டதுதான். "எம் மொகத்த எவ்ளோக்கு வித்த தம்பி?" தர்மபுரிப் பக்கத்துக்காரர், குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்கப்புறம்தான் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். நாமாக எடுத்த படத்தின் உரிமை நம்முடையது, பதிவு செய்யவேண்டிய கட்டாயமும் இல்லை, காசு வாங்கிக்கொண்டு ஃபைலை அனுப்பியதாலேயே அந்த உரிமை கைமாறிவிடாது. உரிமையையே கொடுத்தாலும், பயன்படுத்த லைசென்ஸ் மட்டும் கொடுத்தாலும் எழுத்தில் இருக்கவேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். கல்யாணத்துக்குப் படம் எடுப்பவர்களுக்குக் கதை வேறு. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 17-வது பிரிவின்படி முதல் உரிமையாளர் அவர்தான். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

யார் வேண்டுமானாலும் படம் வாங்கிக்கொள்ளும் ஸ்டாக் இணையதளங்களில் படம் ஏற்றும் பிள்ளைகள் 'ராயல்டி ஃப்ரீ' என்றால் இலவசம் என்று நினைக்கிறார்கள். ஒருமுறை பணம் கட்டியவர் ஒவ்வொரு தடவையும் மறுபடி கட்டவேண்டாம், அவ்வளவுதான். முகம் அடையாளம் தெரிகிற படம் விளம்பரத்துக்குப் போகவேண்டுமானால் அந்த ஆளின் கையெழுத்தோடு மாடல் ரிலீஸ் என்ற சம்மதத் தாள் கேட்பார்கள். அது இல்லாத படம் 'எடிட்டோரியல்', அதாவது செய்தி, கட்டுரை மாதிரியானவற்றுக்கு மட்டும்.

இப்போது எந்தப் படம், எதற்கு, எத்தனை மாதம், எந்த ஊரில், நான் வேறு யாருக்காவது தரலாமா என்பதையெல்லாம் பில்லிலேயே எழுதிவிடுகிறேன். மார்க்கெட்டுக்குப் போனால் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பக்கச் சம்மதத் தாள் பையில் இருக்கும். படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து கேட்கிறேன், வேண்டாம் என்றால் அந்தப் படத்தை விற்பதில்லை.

இப்படி ஒரு மாதிரித் தாளை நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சிட்டால் வெட்டி வைத்துக்கொள்ள நிறையப் பேர் இருக்கிறோம். அப்படியே, வாசகர்கள் அனுப்பும் படங்களை எதற்கெல்லாம் பயன்படுத்துவீர்கள் என்றும் அந்தப் பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு புகைப்படக்காரர்,
அல்சூர், பெங்களூரு