பாப்பாவுக்கு, பள்ளிக்கூட விலாசத்தில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். வீட்டு விலாசம் இருக்க பள்ளிக்கூடத்துக்கு ஏன் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பேச்சு சௌக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. ஜூன் 12-லேயே மேட்டூர் திறந்ததால் குடமுருட்டியில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. குறுவைக்கு மேலுரமும் போட்டாயிற்று. அம்மாவின் முழங்கால் அப்படியேதான்.

ஆடிப்பெருக்குக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளை காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். பி.பி. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள் என்று நீயாகவே சொன்னாய். நான் கேட்கவே இல்லையே பாப்பா. படையல் போடுகிற வரைக்கும் உட்கார முடியாமல் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தவர், மணி பன்னிரண்டானதும் சிகரெட் வாங்கி வருவதாகப் போனார். கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திரும்பி வந்தபோது கை நடுங்கவில்லை. உன் கழுத்தில் செயினும் இல்லை. பாலிஷ் போடக் கொடுத்திருப்பதாகச் சொன்னாயாம், அம்மா நம்பிவிட்டாள்.

குறை சொல்ல எழுதவில்லை. நாற்பது பிள்ளைகளைக் கண்ணாலேயே அடக்குகிறவள் என்று உன்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் எங்களிடமா மறைப்பது? சின்ன மாமா வீட்டைப் பார்த்து வளர்ந்தவள்தானே நீ.

உரக்கடைக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தஞ்சாவூர் போயிருந்தேன். குடியை விட நினைக்கிறவர்களுக்கு ஏ.ஏ. என்று ஒரு கூட்டம் நடக்கிறது, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சர்ச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பள்ளிக்கூட அறை. மதம் மாற்றுகிற இடமோ என்று திருநீறும் நானுமாக வாசலிலேயே நின்றேன். இடம் மட்டும்தான் அவர்களுடையதாம், கூட்டத்துக்கு மதமும் கிடையாது, கட்சியும் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் யாரும் சேரலாம். அன்றைக்கு ஓப்பன் மீட்டிங், அதனால் என்னையும் உட்கார வைத்தார்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நம் ஜில்லாவில் இப்படியும் ஓர் இடம்! செலவுக்கு ஒரு பை சுற்றி வந்தது. நூறு ரூபாய் போட்டேன், வெளியாள் காசு வாங்குவதில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டீக்கும் வாங்கவில்லை.

1935-இல் அமெரிக்காவில் ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர், ஒருவர் பங்குத் தரகர், இன்னொருவர் ஆபரேஷன் செய்கிற டாக்டர். இரண்டு பேருமே குடித்துக் கெட்டவர்கள். படித்தவர் இப்படிச் செய்யலாமா என்று மாப்பிள்ளையைப் பற்றி இங்கே அம்மா புலம்புவாள். டாக்டருக்கே வந்திருக்கிறது.

மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடுவதில்லையே, நினைத்தால் விட முடியாதா என்பார் உன் மாமியார். அங்கே ஒருவரிடம் அதையே கேட்டேன். "நானும் மலைக்குப் போனவன்தான் ஐயா. கழற்றுகிற தேதி தெரியும், அதனால் தாங்கிவிடுவேன். நிறுத்துவேன், நிறுத்தினபடி இருக்க மாட்டேன்" என்றார். அவர்கள் ஆயுசுக்கும் என்று சத்தியம் செய்வதில்லை. இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்கிறார்கள், நாளைக்கும் அதையே சொல்கிறார்கள். அங்கே இருந்தவர்களில் ஒருவரை உனக்கும் தெரியும். பெயரை எழுத மாட்டேன், அது அங்கே கட்டுப்பாடு.

சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற பொடி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. அம்மா ஒரு விளம்பரத்தைக் கத்தரித்து வைத்திருந்தாள், கிழித்துப் போட்டேன். உள்ளே என்ன மருந்து இருக்கிறதோ. ஒத்துக்கொள்ளாத மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் மேலே குடித்தால் பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். இன்னொன்று, கோபத்தில் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதே. கை நடுங்குகிற அளவுக்குப் போனவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் புத்தி தடுமாறலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446-க்கு அடித்தாலும் காசில்லாமல் யோசனை சொல்வார்கள். மறுபடியும் சொல்கிறேன், ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதே.

மாப்பிள்ளை வர மாட்டார். தெரியும். நான் கூப்பிட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். அதனால் நீ வா. குடிக்கிறவர்களின் வீட்டு மனிதர்களுக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டம், பக்கத்து அறையில் நடக்கிறது. அவர் வந்தாலும் வராவிட்டாலும் நீ வரலாம், அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்தக் குடியை நாம் வரவழைக்கவில்லை, நம்மால் அடக்க முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். பாட்டிலை ஒளித்து வைப்பதும், ஆபீசுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்வதும் நீதானே? உன்னைப் போல ஒரு டீச்சரம்மாவும் வருகிறார். மாயவரத்துக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயப்படாதே, பாதிப் பேர் அடுத்த ஊரிலிருந்துதான் வருகிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம். அம்மாவை முழங்காலுக்குக் காட்டப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ரயிலேறு, பாபநாசத்தில் நானும் ஏறிக்கொள்கிறேன். போனில் இதைப் பற்றிப் பேச வேண்டாம். வருவதாக இருந்தால் உளுந்து தீர்ந்துவிட்டது என்று சொல், ஸ்பீக்கரில் இருந்தாலும் பரவாயில்லை.

அப்பா