கஞ்சி நின்ற பிறகு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அப்பா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை போனில், "நாம கஞ்சிக்கு வேதத்துல சேர்ந்தவங்களாப்பா?" என்று கேட்டாய், கஞ்சிக்காகக் கிறிஸ்தவர்கள் ஆனவர்களா என்று. கூட வேலை பார்க்கிற யாரோ சொன்னதாகச் சொன்னாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை.

கஞ்சி குடித்தது உண்மைதான், மறைக்க அதில் ஒன்றும் இல்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நம் சீமையில் கண்மாய் பெருகினால்தான் சோறு. வைகையே பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். மழை பொய்த்தது. மாகாணம் முழுக்க லட்சக்கணக்கில் செத்தார்கள். சர்க்காரும் கஞ்சி ஊற்றியது, மிஷன்காரர்களும் ஊற்றினார்கள். என் தாத்தாவின் அப்பா சிறு பையனாகச் சிரட்டையோடு வரிசையில் நின்றாராம்.

சரி, மழை பெய்தது, கஞ்சி நின்றது. அப்புறம் ஏன் நம்மவர்கள் சபையை விட்டுப் போகவில்லை? அதை யாரும் கேட்பதில்லை.

போகாமல் இருந்து கோவில் கட்டினார்கள். கடலிலிருந்து வள்ளத்தில் கொண்டுவந்த பவளப்பாறைக் கல், சுண்ணாம்பு, பனை உத்தரம். தெற்குச் சுவரில் காரை பெயர்ந்த இடம் ஞாபகம் இருக்கிறதா? கல் தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருக்கும். பிரசங்கம் முடியும்வரை நீ அதில் விரலை விட்டு எடுத்துக்கொண்டே இருப்பாய். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆகிவிட்டன. அந்தக் கல்லை இனி யாரும் எடுக்க முடியாது.

வாரநாளில் அந்தக் கோவிலே பள்ளிக்கூடம். வேதத்தை அவனவன் தானே வாசிக்க வேண்டும் என்பதுதான் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு காலத்திலிருந்து நம் சபைகளின் வழக்கம். புதிய ஏற்பாட்டை 1715க்குள் தமிழில் அச்சடித்தும் முடித்துவிட்டார்கள். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாத சனத்தின் பிள்ளைகளை உபதேசியார் உட்காரவைத்து சிலேட்டைக் கையில் கொடுத்தார். அதற்காகத்தான் நம்மவர்கள் இருந்தார்கள் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

பழைய கலியாண ரிஜிஸ்டரை நான் பார்த்திருக்கிறேன். சிரட்டையோடு நின்றவர் பெயருக்கு நேரே ஒரு கீறல், அவ்வளவுதான். சில பக்கம் தள்ளி அவர் மகன், என் தாத்தா. அங்கே கையெழுத்து இருக்கிறது. கோணல்மாணலாக, ஒரு 'ன'வுக்குச் சுழி கூடுதலாகப் போட்டு, பேனாவை அழுத்தியதில் தாள் லேசாகக் கிழிந்திருக்கிறது. அவர் மகன் ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்தார், நம் அப்துல் கலாம் ஐயா படித்த அதே பள்ளியில்.

கிறிஸ்மஸுக்கு வரும்போது ரெண்டு நாள் கூடுதலாக லீவு போட்டு வா. ரிஜிஸ்டர் இருக்கிற பெட்டியின் சாவி நம் சபைப் போதகர் ஐயரிடம் இருக்கிறது, சொல்லி வைத்திருக்கிறேன். அந்தக் கீறலையும் கையெழுத்தையும் நீ பார்க்க வேண்டும்.

அன்புள்ள
அப்பா