ஃபைபர் படகு கழுவ நல்ல தண்ணீர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகப்பட்டினம் பக்கத்தில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கும் தொழில் செய்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு, எங்கள் கரைகளில் கட்டுமரம் கிடந்த இடங்களை ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. புதுசு வாங்க வசதியில்லாதவர்கள் கை மாறிய படகைத்தான் தேடுகிறார்கள். வாங்கிய கையோடு பளபளவென்று எனாமல் பெயின்ட் அடித்துக் கடலில் இறக்கிவிடுகிறார்கள். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் அது செதில் செதிலாக உரிந்து வருகிறது. பெயின்ட் செலவு அத்தனையும் கடலோடு போகிறது.

படகின் வெளியே தெரிவது ஜெல்கோட் என்ற பூச்சு. அரை மில்லிமீட்டர் கனம் இருந்தால் பெரிது. உள்ளே உள்ள கண்ணாடி நார் விரிப்பில் தண்ணீர் ஏறாமல் காப்பது அதுதான். வெயில் பட்டுப் பட்டு அதன் மேல்பரப்பு செத்துப்போகும். தடவினால் கையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டும். அந்தத் தூள் மேல் அடித்த பெயின்ட் எப்படி நிற்கும்?

முதலில் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு, உப்பு போகக் கழுவிக் காயவிட வேண்டும். விரிசல் நார் வரை இறங்கியிருந்தால், அந்த இடத்தைத் தேய்த்தெடுத்து, ஈரம் முழுக்க வற்றிய பிறகே ரெசின் என்ற ஒட்டுப் பசையில் கை வைக்க வேண்டும். கடுவையாற்றில் கட்டியே கிடக்கும் படகுகளின் அடியில் கொப்புளம் இருக்கும். குத்தினால் புளித்த வாடையோடு நீர் வரும். அதை மூடி மறைத்து விற்பது வாங்குகிறவர் வயிற்றில் அடிப்பதுதான். புதிதாக வைக்கும் ஜெல்கோட், காற்றுப் பட்டால் மேலே பிசுபிசுவென்றே நிற்கும். அதனால் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடி இறுகவிட வேண்டும். சித்திரை வெயிலில், இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்ட்னர் கொஞ்சம் கூடினாலும் கலவை கிண்ணத்திலேயே இறுகிவிடும், காலை வேளையே நல்லது.

அப்புறம்தான் மெருகு. 800, 1000, 1500 என்று வரவர நைசான வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, காம்பவுண்டு என்ற மெருகுப் பசை போட்டு, வாக்ஸ் பூச வேண்டும். ஓரங்களில் அழுத்தித் தேய்த்தால் நார் தெரிந்துவிடும். சிலிக்கான் கலந்த கார் பாலிஷ் வேண்டவே வேண்டாம், பின்னால் ஒட்டு வேலை செய்யும்போது பிடிக்காது. தூள் நெஞ்சுக்குள் போகாமல் மாஸ்க் கட்டாயம்.

இத்தனை செய்தும், உப்போடு வெயிலில் கிடந்தால் மெருகு சீக்கிரம் போய்விடுகிறது. நான் வேலைக்குப் போகும் கரைகளில், குடிப்பதற்கே குடம் தூக்கி வருகிறார்கள். படகு கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது? போர்வெல்லில் வருவதும் உப்புத் தண்ணீர்தான்.

மீன் இறங்குதளங்களில் அரசு ஏலக்கூடம் கட்டித் தருகிறது, வலை பின்னும் கூடம் கட்டித் தருகிறது. ஏலக்கூடத்தின் பெரிய கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்தால், ஐப்பசி கார்த்திகையில் சேர்வதே பல படகுகளைக் கழுவப் போதும். பக்கத்தில் நாலு படகு நிற்கும்படி ஒரு தகரக் கொட்டகை போட்டால், ஒட்டு வேலையும் நிழலில் நடக்கும். மீன்வளத்துறை புதிதாக இறங்குதளம் திட்டமிடும்போதே இந்த இரண்டையும் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே கட்டிய இடங்களில், வரும் மழைக்கு முன்னால் தொட்டியையாவது கட்டித் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஃபைபர் படகுத் தொழிலாளி,
நாகப்பட்டினம்.