எடைச் சீட்டை மலையிறக்கியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சிறு விவசாயிகள் கொடுக்கும் பசுந்தேயிலையின் எடைக் கணக்கு, கொள்முதல் மையங்களிலிருந்து மும்பையில் உள்ள கிளவுட் சர்வருக்குப் போகிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் கரண்ட் போகும்; கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். அப்படியும் கணக்கு பிசகாமல் நிற்கக் காரணமானவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸைப் பைத்தான் மொழியிலிருந்து இயக்க உதவும் நிரல் தொகுப்பான (எஸ்டிகே) போட்டோ3-இல் துணைக் கருவிகளை எழுதி, யாரும் எடுத்தாளும்படி திறந்து வைத்தவர்களுக்கு. அவற்றில் இங்கே அதிகம் உழைப்பது பேட்ச் ரைட்டர். எடைப் பதிவுகள் சேரும் ஏடபிள்யூஎஸ் தரவுத்தளமான டைனமோடிபி ஒரு தடவைக்கு 25 பதிவுகள்தான் வாங்கும். அதிலும் சிலவற்றைத் திருப்பிவிடலாம். கட்டுக் கட்டாகப் பிரிப்பது, திரும்பியதை மறுபடி அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. ஒரே கட்டில் ஒரே சாவியோடு (பதிவை அடையாளம் காட்டும் கீ) இரண்டு பதிவு வந்தால் பிழை காட்டும். அந்தப் பிழையை அடக்க ‘ஓவர்ரைட் பை பிகீஸ்’ என்றொரு வசதி இருக்கிறது. எடைக் கணக்கில் அதைத் தொடவே வேண்டாம். உறுப்பினர் எண்ணும் தேதியும் மட்டுமே சாவி என்றால், காலையில் 42 கிலோவும் சாயங்காலம் 31 கிலோவும் போட்டவருக்கு 31 மட்டும்தான் மிஞ்சும். இரண்டும் வேறு வேறு கட்டில் போனால் அந்த வசதி இல்லாமலே இதே கதிதான், சத்தமே வராது. சாவியில் சீட்டு எண்ணையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

எடையைப் பைத்தானின் வழக்கமான தசம எண்ணான ஃப்ளோட்டாகக் கொடுத்தால் போட்டோ3 ஏற்காது, துல்லியமான தசம வகையான டெசிமல்தான் வேண்டும். அதிலும் 23.7 என்ற எண்ணை அப்படியே டெசிமலுக்குள் போட்டால் தசம வால் நீண்டு, 38 இலக்க வரம்பில் முட்டி நிற்கும். மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுக்க வேண்டும். கறாரான ஏற்பாடு, கூலியும் விலையும் எடையில் நிற்கிற இடத்தில் இந்தக் கறார் தேவைதான்.

சீட்டுகளின் படங்கள் ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புக் கிடங்கான எஸ்3-இல் சேர்கின்றன. அங்கே பட்டியல் கேட்டால் ஒரு பக்கத்துக்கு 1,000 பெயர்கள்தான் வரும். முதல் பக்கத்தோடு நிறுத்தினால், கோப்பின் பெயர் தேதியில் தொடங்கும்போது விட்டுப்போவது மாதக் கடைசிச் சீட்டுகள். போட்டோ3-இன் பேஜினேட்டர் எல்லாப் பக்கங்களையும் புரட்டித் தரும்.

பெரிய கோப்பை ஏற்ற ‘அப்லோட் ஃபைல்’ என்ற கட்டளை. 8 எம்பியை எட்டினாலே துண்டு போட்டு, ஒரே நேரத்தில் 10 இழைகளில் (இணையாக ஓடும் த்ரெட்கள்) அனுப்பப் பார்க்கும். மலை லைனில் பத்தும் ஒன்றையொன்று நெருக்கி, எல்லாமே நேரம் கடந்து அறுந்துவிடும். இழையை 2 ஆகவும் துண்டை 5 எம்பி ஆகவும் குறையுங்கள். கடைசித் துண்டைத் தவிர மற்றவை அதற்குக் கீழே போக முடியாது. பாதியில் கரண்ட் போனால், அடுத்த தடவை முதலிலிருந்துதான். ஏறிய துண்டுகள் கண்ணில் படாமல் எஸ்3 பக்கெட்டில் (சேமிப்பு இடம்) கிடந்து வாடகை ஏற்றும். முடியாத அப்லோடுகளை 7 நாளில் தானாக அழிக்கும்படி எஸ்3-இல் லைஃப்சைக்கிள் விதி போட்டு வையுங்கள்.

மறுமுயற்சிக்கான ‘ஸ்டாண்டர்ட்’ முறையில், முதல் முயற்சியையும் சேர்த்து மொத்தம் 3 முயற்சிகள். சிக்னல் வந்து வந்து போனால் 10 ஆக்கலாம். டவரே படுத்துவிட்டால் அதுவும் உதவாது. முதலில் மையத்தின் கணினியிலேயே எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் எழுதி, லைன் வந்ததும் அனுப்புவதே சரி.

பிழை எண்களை ஆவணத்தில் தெளிவாக எழுதியவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் பேட்டரி கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் பழைய நேரத்திலேயே விழிக்கும். 15 நிமிடத்துக்கு மேல் பிசகினால் எஸ்3 403 என்று கதவைச் சாத்தும். எத்தனை முறை தட்டினாலும் திறக்காது. தனிக் கடிகார மாட்யூல் ஒன்றைப் பொருத்த வேண்டும்.

கொட்டும் மழையில் கம்பம் ஏறுகிற மின்வாரிய ஊழியர்களுக்கும், திரை அணைந்த பிறகும் கார்பன் தாள் வைத்துச் சீட்டு எண் விடாமல் எழுதுகிற எடை போடும் அண்ணன்மார், அக்காமாருக்கும் எங்கள் நன்றி. அந்த எண் இல்லாவிட்டால் மேலே சொன்ன சாவியே கிடையாது.

இப்படிக்கு,
எடைக் கணக்கு மென்பொருள் குழுவினர்,
கோத்தகிரி