வண்ணார்பேட்டை ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஸ்கேன் செய்த பத்திரங்கள், படங்கள், பேச்சுப் பதிவுகள் எல்லாம் புது சர்வருக்கு வந்து சேர்ந்துவிட்டன. பழைய சர்வரிலிருந்து அவற்றை ஆர்சிங்க் (rsync) என்ற ஃபைல் நகலெடுக்கும் புரோகிராம் வழியாகக் கொண்டுவந்தோம். எந்தெந்த ஃபோல்டர்கள் வரவேண்டும் என்ற பட்டியலை ஃபைல்ஸ்-ஃப்ரம் (--files-from) என்ற ஆப்ஷனில் கொடுத்தோம்.

முதல் நன்றி அந்தத் தம்பிக்கு. ஃபோல்டர் பட்டியலை பிரிண்ட் எடுக்கக் கொடுத்தோம். எதற்கென்று விசாரித்தவர், கேட்காமலே தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதித் தந்தார்: "அண்ணாச்சி, ஃபைல்ஸ்-ஃப்ரம் போட்டா ஆர் தனியா போடணும்."

ஒற்றை எழுத்துதான், ஆனால் கதையே அதில் இருக்கிறது. ஆர்சிங்க்கில் 'ஏ' (-a) ஆப்ஷன் போட்டால் 'ஆர்' (-r) தானாக வந்துவிடும், உள்ஃபோல்டர் வரை இறங்கும். பட்டியலை ஃபைல்ஸ்-ஃப்ரம் வழியாகக் கொடுத்தால் மட்டும் வராது. அந்தப் பக்கம் ஃபோல்டர்கள் பெயருக்கு உருவாகும், உள்ளே ஒன்றும் இருக்காது. எரரும் காட்டாது. வேலை முடிந்ததென்று நம்பி பழைய சர்வரை விட்டுக்கொடுத்திருந்தால் அவ்வளவுதான்!

பட்டியல் எதற்கு, வரிசையாக ஃபோல்டர்களைக் கமாண்டிலேயே எழுதலாமே என்று சிலர் கேட்டீர்கள். மேலப்பாளையம், பாளையங்கோட்டை இரண்டுக்கும் கீழே 'படங்கள்' என்று ஒரே பெயரில் ஃபோல்டர் உண்டு. சும்மா எழுதினால் கடைசிப் பெயர் மட்டும் போய் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், ஒரே பெயருள்ள ஃபைல்கள் மோதும். பட்டியல் கொடுத்தால் முழுப் பாதையும் அப்படியே போகும்.

அதே தாளில் தம்பி இன்னும் இரண்டு எழுதியிருந்தார். முதல் ஓட்டம் 'என்' (-n) போட்டு, எதையும் நகலெடுக்காத வெறும் ஒத்திகை. லைன் அறுந்தால் பாதி வந்த ஃபைல் அழியாமலிருக்க பார்ஷியல் (--partial). காசு கொடுத்தோம், பிரிண்டுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

ராத்திரி முழுக்க நெட் கொடுத்த மாடி வீட்டு அக்கா, யூபிஎஸ் தூக்கிவந்தவர்கள், இரு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை ஒப்பிட்ட மேலப்பாளையத்து நண்பர்கள், எல்லாருக்கும் நன்றி.

இனி எதை நகர்த்தினாலும் ஒத்திகை இல்லாமல் ஓட்டுவதில்லை. கடைசியாக 'என்', 'சி' (-c), ஃபைல் பெயர்களைக் காட்டும் 'வி' (-v) மூன்றும் சேர்த்து ஒருமுறை ஓட்டுவோம். 'சி' ஃபைல் அளவையும் தேதியையும் மட்டும் நம்பாமல் உள்ளடக்கத்தையே படித்து ஒப்பிடும், அதனால் மெதுவாகத்தான் போகும். அதில் ஒரு ஃபைல் பெயர்கூட வராத நிலை வரும்வரை பழைய சர்வருக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
ஆவணக் குழுவினர், பாளையங்கோட்டை